நிரை இல்லாத காடு

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "நான் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டணும், பாப்பா. ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது."

2008 ஆகஸ்டு, பள்ளி விடுமுறை. ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் பழைய புரோட்டோன் விரா நின்றது. அம்மா மூன்று மணிக்கே எழுந்து புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டி வைத்திருந்தார். பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணி. சுற்றுலாப் பேருந்தில் போனால் வழிகாட்டி ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவாரே என்று தம்பி கேட்டுப் பார்த்தான். அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். ஏன் வேண்டாம் என்பது சடக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அறுபத்தைந்து வயது வரைக்கும் அவர் ஏறிய எந்த வண்டியும் அவர் சொல்லி நின்றதில்லை. தைப்பூசத்துக்கு எங்களைக் கல்லுமலைக் கோயிலுக்கு ஏற்றி வந்த தோட்டத்து லோரி, மாமா இறந்தபோது தைப்பிங்குக்குப் போன பஸ், தோட்டத்தைக் காலி செய்த அன்று சாமான்களோடு எங்களையும் ஏற்றிய லோரி, எல்லாம் யாரோ ஓட்டியவை. யாரோ நினைத்த இடத்தில் நின்றவை.

ஈப்போவிலிருந்து தெமங்கோர் ஏரிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சுங்கை சிப்புட், கோலக்கங்சார், லெங்கோங், கிரிக், அப்புறம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. போன வழியிலேயே இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய வரைபடத்தை அப்பாவின் மடியில் கொடுத்தேன். அவர் என் பையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டார்.

புதிய நெடுஞ்சாலையை விட்டுவிட்டுச் செம்மோர் வழியாகப் பழைய சடக்கில் போனோம். ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலைகள் இடுப்பளவு மூடுபனியில் நின்றன. அந்த நேரத்தில் அவற்றைப் பார்க்காதவர்களுக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"இங்க நிப்பாட்டு."

சுங்கை சிப்புட்டைத் தாண்டிய ஒரு கிளைச் சடக்கு. அப்பா பிறந்த தோட்டம், நான் பிறந்த தோட்டமும் அதுதான். லயத்து வீடுகள் இல்லை. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் செம்பனை. மாரியம்மன் கோயிலை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள், புதுத் தகரக் கூரையோடு. நானும் தம்பியும் அந்தக் கோயில் சிமெண்டுத் திண்ணையில்தான் ரப்பர் கொட்டையைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, அறியாமல் நிற்கும் பிள்ளைகளின் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். அம்மா இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். அப்பா கோயில் பக்கம் போகவில்லை. சடக்கோரமாக நடந்து தோட்டத்தின் எல்லை இருந்த இடத்தைத் தேடிப்போனார்.

1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளைத் தொடர்ந்துதான் அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அது சரித்திரப் பாடத்தின் ஒரு பக்கம். அப்பாவுக்கு அது முள்கம்பி. அப்போது அவருக்கு ஐந்து வயது. சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் வேலி போட்டார்கள். காலையில் குறித்த நேரத்துக்குத்தான் கதவு திறக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். கையில் ஒரு பிடி சோறு இருக்கக்கூடாது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கடையில் வாங்கும் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள், வைத்திருந்து யாருக்கும் கொடுக்க முடியாதபடி. பாட்டி வெறும் வயிற்றோடு போய், வெயில் ஏறிய பிறகு பசியோடு திரும்பி வருவார். பிள்ளைகளுக்கு அவர் சொல்லி வைத்த ஒரே கட்டளை, "கடைசி நிரையத் தாண்டாத."

நிரை என்றால் எங்கள் பேச்சில் மர வரிசை. ஒருவருக்கு ஒதுக்கிவிட்ட மரங்களும் நிரைதான். "இன்னிக்கு எந்த நிரை?" என்று கேட்டுக்கொண்டுதான் தோட்டத்தில் பொழுது விடியும். தலைக்கு விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு 400, 500 மரம் வெட்ட வேண்டும். நிரை முடிகிற இடத்தில் தோட்டம் முடிகிறது. அதற்கு அப்பால் இருட்டு, புலி, துப்பாக்கி. தோட்டத்து ஆட்கள் ரப்பர் மரங்களையே காடு என்றுதான் சொல்வார்கள். வெளிக்காட்டு வேலை என்றால் அங்கே புல் வெட்டுவது, மருந்தடிப்பது. உண்மையான காட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்தி "பெரிய காடு" என்பார்கள். அப்பா பதிமூன்று வயதில் உளியை எடுத்தார். ஐம்பத்து மூன்று வயதில் கீழே வைத்தார். அந்த நாற்பது வருடத்தில் பெரிய காட்டின் ஓரத்தில் தினமும் நின்றிருக்கிறார், ஒருநாளும் அதைத் தலை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை அவர்களே வாங்கிக்கொள்ள வழி செய்தார். 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அது. தாத்தா அதில் பங்கு வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கவில்லை. 1996இல் அது கைமாறியது. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கிடைத்த தொகையைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

அப்பா வண்டிக்குத் திரும்பி வந்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

கோலக்கங்சாரில் நின்றது என் விருப்பம். மலேசியாவில் இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பழைய ரப்பர் மரம் அங்கேதான், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், கம்பித் தடுப்புக்குள் நிற்கிறது. பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளில் சில 1877இல் இந்த ஊருக்கு வந்தன. நட்டுப் பார்த்தவர் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ. அந்தக் கன்றுகளில் மிஞ்சி நிற்பது இது. எங்கள் பாட்டனைக் கப்பலேற்றி வரவழைத்த மரம் என்று நான் உணர்ச்சியோடு சொல்லத் தொடங்கினேன். அப்பா நான் சொன்னதைக் கேட்கவில்லை. தடுப்புக்கு மேலே எட்டிப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றி ஒருமுறை வந்தார், மறுபடி ஒருமுறை. கட்டைவிரலைக் காற்றிலேயே சாய்வாக இழுத்தார், உளி போகும் கோணத்தில்.

"கண்டபடி வெட்டியிருக்காங்க. காயம் மரம் வரைக்கும் எறங்கியிருக்கு. எங்க கங்காணியா இருந்தா அரை நாள் சம்பளத்தப் புடிச்சிருப்பாரு."

பட்டைக்கு உள்ளே மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு நூலிழை வெளியிலேயே உளியை நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல வெட்டுக்காரர். உள்தோல் புண்பட்டால் அந்த இடம் முடிச்சு விழும், புதுப்பட்டை ஒழுங்காக வளராது, அடுத்த சுற்றுக்கு அங்கே வெட்ட முடியாது. அப்பாவுக்கு அது கைவந்த வித்தை. அதைப் புகழ்ந்து ஒரு வார்த்தை எழுதிய காகிதம் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். அந்த மரத்தடியில் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பத்துப் பேரில், மரத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கோலக்கங்சாரிலிருந்து வடக்கே திரும்பியதும் பேராக் நதி கூடவே வருகிறது. உண்மையில் அந்தப் பயணமே நதியின் மேல் படிப்படியாக ஏறுவதுதான். முதல் படி செண்டெரோ அணை, 1930இல் கட்டியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களுக்கு, அதாவது ஈயச் சுரங்கங்களுக்கு, அங்கிருந்துதான் மின்சாரம் வந்தது. அதற்கு மேலே கெனெரிங், அதற்கு மேலே பெர்சியா, உச்சியில் தெமங்கோர். ஒரே தண்ணீர் நான்கு இடத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. ராபான் ஏரிக்கரையில் சடக்கு தண்ணீரை ஒட்டியே வளைகிறது. அங்கே நிறுத்திப் பசியாறினோம். கெட்டியான ஆகாயத்தாமரைக்கு நடுவில் ஒரு ஆள் தோணியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா சடக்கோரக் கடையில் பெக்காசாம் மீன் வாங்கினார். ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டுப் புளிக்க வைப்பது. லெங்கோங் பக்கத்துக் கைப்பக்குவம் வேறெங்கும் வராது.

லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல்தான் உலகப் பாரம்பரியத் தலமானது. நாங்கள் போனபோது கூட்டமே இல்லை. 1990களின் தொடக்கத்தில் குனோங் ருந்து குகையில் கண்டெடுத்த பேராக் மனிதனின் எலும்புக்கூட்டுக்குச் சுமார் 10,000 வயது. கோத்தா தம்பானில் கல்லாயுதம் செய்துகொண்டிருந்தவர்களின் பட்டறை, சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பலில் புதைந்தது. அது 70,000 வருடத்துக்கும் மேலே. அருங்காட்சியகத்தை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டோம். லெங்கோங்கிலிருந்து கிரிக் வரைக்குமான சடக்கு எனக்குச் சரியாக நினைவில் இல்லை. பெட்ரோல் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, என் கவலையெல்லாம் அதன் மேலேயே இருந்தது. அப்பா ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார், இறங்கிப் போனார், வந்தார். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது என்பது பேச்சு.

கிரிக்கில் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். அப்போதெல்லாம் அதற்கு மேலே ஜெலி வரைக்கும் ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, கைப்பேசிக்கு அலைவரிசையும் கிடையாது. கல்லாவில் இருந்த பெண் அம்மாவிடம் மலாயில் சொன்னார்: அந்தி சாய்ந்தால் யானைகள் சடக்குக்கு வரும், ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கைத் தணித்துவிட்டு நில்லுங்கள்.

இந்தச் சடக்கைப் போடப் பன்னிரண்டு வருடம் ஆனது. 1970இல் தொடங்கினார்கள். தாய்லாந்து எல்லையோரக் காடு கம்யூனிஸ்டுகளின் இருப்பிடம். 1974இல் அவர்கள் கட்டுமான இயந்திரங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ராணுவம் காவல் நிற்க, மலையை வெட்டி, 1982 ஜூலையில் திறந்தார்கள். திறந்த பிறகும் ஆரம்ப வருடங்களில் பகலில் மட்டும்தான் வண்டிகளை விட்டார்கள். 1989 டிசம்பரில் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் ஆகும் வரைக்கும் இந்த மலைத்தொடர் முழுக்கப் பயத்தின் பெயராகவே இருந்தது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அப்பா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டார். வெயில் நேரம், வண்டியில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. ஆனாலும் ஏற்றிவிட்டார்.

மஞ்சள் பலகையில் கறுப்பு யானை. அதைத் தாண்டி இரண்டு வளைவு. மரங்கள் விலகின. கீழே, எதிர்பார்க்காத உயரத்தில், தண்ணீர்.

தெமங்கோர் ஏரி ஆறும் ஓடைகளும் மூழ்கி உண்டானது. 1970களில் அணை எழும்பியதும் பள்ளத்தாக்கு நிறைந்து, குன்றுகளின் தலைகள் தீவுகளாக மிஞ்சின. அப்படி மிஞ்சிய பாண்டிங் தீவின் மேல்தான் சடக்கு பாலத்தில் ஏறிப் போகிறது. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 15,000 ஹெக்டர். தீபகற்பத்தில் இதைவிடப் பெரிய செயற்கை ஏரி திரெங்கானுவின் கென்யிர்தான். சடக்குக்கு வடக்கே பெலும், தெற்கே தெமங்கோர் காடு. 2007இல் அரச பெலும் மாநிலப் பூங்கா என்று 117,500 ஹெக்டரைப் பாதுகாப்பாக்கினார்கள். பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை. அதனால் படகுத்துறையில் ஒரு மணி நேரத்துக்குப் படகு பேசி, ஏரியில் மட்டும் போனோம்.

படகோட்டி இருபது வயதுப் பையன், ஜகாய் பழங்குடி. தண்ணீருக்கு மேலே பட்ட மரங்கள் வெள்ளை வெள்ளையாக நின்றன. முப்பது வருடமாக நிற்கின்றன என்றான். தன் பாட்டி இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் தண்ணீரைக் காட்டி, இதற்குக் கீழேதான் நாம் இருந்தோம் என்பாளாம். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா அவனிடம் மலாயில் கேட்டது இதுதான்: "அங்கே என்ன மரமெல்லாம் இருந்தது?" பையன் யோசித்து யோசித்துச் சொன்னான்: பெரா, பெத்தாய், டுரியான். பெராக் கொட்டையை எப்படிச் சாப்பிடுவது என்று அப்பா கேட்டார். அவித்தும் சாப்பிடலாம், சுட்டும் சாப்பிடலாம் என்றான். இரண்டு பேரும் அதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள்.

ஒரு ஒதுக்குப்புறத்தில் பையன் இயந்திரத்தை நிறுத்தினான். கரையிலிருந்து காடு செங்குத்தாக மேலே போனது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். முதலில் ஒரு கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார். பிறகு வலப்பக்கம். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ரப்பர் தோட்டத்தில் எந்த இடத்தில் நின்றாலும் தலையைச் சரியான கோணத்துக்குச் சாய்த்தால் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி, ஒரு நேர்ச்சந்து கண்ணுக்குத் திறந்துவிடும். அவர் நிரையைத் தேடிக்கொண்டிருந்தார். இடம், வலம், மறுபடியும் இடம்.

"நிரையே இல்ல பாப்பா."

"இது யாரும் நடலையேப்பா."

"தெரியுது. ஆனாலும் பாரேன். ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல. எதுலயும் வெட்டுக்காயம் இல்ல."

அப்போது தலைக்கு மேலே பெரிய துணியை யாரோ விட்டு விட்டு உதறுகிற சத்தம். அம்மா பயந்து என் கையைப் பிடித்தார். இரண்டு இருவாச்சிகள், ஏரியைக் குறுக்கே தாண்டிப் போயின. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிகளும் இந்த ஒரு காட்டில் இருக்கின்றன. சில மாதங்களில் ஒரு வகை ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கும். நாங்கள் பார்த்தது இரண்டே இரண்டு. அந்தச் சிறகுச் சத்தம் அக்கரைக் காட்டில் அடங்கும் வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. பெரிய காட்டின் முன்னால், முதுகைத் திருப்பாமல், அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேராக் கிளந்தான் எல்லையில் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் தித்திவங்சா ஓய்விடம் வரைக்கும் ஏறிவிட்டுத் திரும்பினோம். குளிர்காற்று, சூடான மெகி, வேறொன்றும் சொல்ல இல்லை. திரும்பும்போது பாண்டிங்கைத் தாண்டி ஒரு வளைவில் மூங்கில் முறிந்து சடக்கில் கிடந்தது. சாணம் ஆவி பறந்தது. விளக்கைத் தணித்துக் காத்திருந்தோம். அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யானை வரவில்லை. இருட்டில் இலைகள் அசையும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்பா கண்ணாடியைக் கீழே இறக்கியிருந்தார்.

2014இல் அப்பா இறந்தார். அந்த வரைபடம் வண்டியிலேயே கிடந்து, வண்டியை விற்றபோது வீட்டுக்கு வந்தது. பென்சில் புள்ளிகள் மொத்தம் பதினொன்று. பத்தை என்னால் சொல்ல முடிந்தது. லெங்கோங்குக்கும் கிரிக்குக்கும் நடுவே ஒன்று எதற்கென்று தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு அதே வழியில் மறுபடி போனேன். கிரிக்கைத் தாண்டி, யானைகள் கீழே கடந்து போவதற்கென்று சடக்கை உயர்த்திப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாட்டில் புலிகள் 150க்கும் குறைவு என்கிற இந்தக் காலத்தில் அந்தப் பாலத்தைப் பார்க்கவே ஆறுதலாக இருந்தது. பாண்டிங்கை நெருங்க நெருங்க நான் மெதுவாகவே ஓட்டினேன். அந்த வருடம் ஜூன் 9ஆம் தேதி அதிகாலையில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பேருந்து கவிழ்ந்து இறந்தது இந்தச் சடக்கில்தான். அம்மா கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரை நினைத்துக்கொண்டு இருவரும் பேசாமல் வந்தோம்.

ஆனால் அந்தப் புள்ளி அதற்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, ஏறக்குறைய அந்த இடம்தான் என்று ஒரு மேட்டோரம் நிறுத்தினேன். சிறு தோட்டக்காரர் ஒருவரின் ரப்பர் மரங்கள், ஐம்பதோ அறுபதோ, கோணல் மாணலாக. மங்குகள் கட்டியிருந்தன. அன்று காலை வெட்டிய பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கதான்," என்றார் அம்மா. "இங்க எறங்கித்தான் கொட்ட பொறுக்கினாரு. மூனு. சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. வீட்டுல என் பித்தான் டப்பாவுல கெடக்குதே, நீ பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். பதினேழு வருடமாகப் பார்த்திருக்கிறேன். பித்தானுக்கு நடுவில் மூன்று ரப்பர் கொட்டைகள், புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில். தோட்டத்திலிருந்து வந்தவை என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே எங்கோ ஒரு காய் வெடித்தது. கொட்டை இலைச்சருகில் விழுந்து உருண்டது. தேடி எடுத்தேன். சடக்கோரத்தில் கிலோமீட்டர் கல் ஒன்று இருந்தது. அதன் தலையில் வைத்துப் பரபரவென்று தேய்த்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"அடியே," என்று கையை உதறினார் அம்மா.